கையால் வயரிங் செய்த 22 வாட் டியூப் கிட்டார் ஆம்ப்: முதல் பார்வையும் சில சந்தேகங்களும்

கோட்டாறு டெலி

புது ஆம்ப் கைக்கு வந்திருக்கு. ஃபெண்டர் கம்பெனி 1963ல் கொண்டுவந்த ஏபி763 சர்க்யூட்டை அப்படியே பின்பற்றி, ஐலெட் போர்டில் (சிறு உலோக வளையங்கள் பதித்த பலகை) கையால் வயரிங் செய்த காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். 22 வாட், ஒரே 12 இஞ்ச் ஸ்பீக்கர், 8 ஓம். முன்பக்கம் நார்மல், வைப்ரேட்டோ என இரண்டு சேனல். ரிவெர்பும் (எதிரொலி) டிரமோலோவும் (சத்தம் ஏறி இறங்கும் அலை) வைப்ரேட்டோ சேனலில் மட்டும். டியூப் (வெற்றிடக் குழாய்) மொத்தம் ஒன்பது: நாலு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7, அவுட்புட்டுக்கு இரண்டு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு ஜிசெட்34.

முதலில் உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். சால்டரிங் சுத்தம். டியூப் சாக்கெட் எல்லாம் சேசியில் (உலோகச் சட்டம்) நேரடியாக ஸ்க்ரூ போட்டவை, பிசிபியில் (அச்சிட்ட சர்க்யூட் பலகை) தொங்கவில்லை. பாட் (திருகும் கண்ட்ரோல்), ஜாக் எதுவும் போர்டைத் தாங்கவில்லை. பின்னாளில் ஒரு பாட் மாற்றணும்னா மூணு வயரைக் கழற்றினால் போதும். 6வி6 இரண்டுக்கும் கேத்தோடில் (எலெக்ட்ரான் புறப்படும் முனை) 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் போட்டே தந்திருக்கிறார்கள். பயாஸ் (சும்மா இருக்கும்போது டியூப்பில் ஓடும் கரண்டு) பார்ப்பது சுலபம். பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 220, 230, 240 என்று மூணு டேப் (வீட்டு வோல்ட்டுக்கு ஏற்ப மாற்றும் இணைப்பு).

சத்தம்: டெலிகாஸ்டர் கிட்டாரோடு நார்மல் சேனலில் வால்யூம் 3, 4 வரை முழு கிளீன். 5க்கு மேல் பிக்கை அழுத்தினால் ஓரத்தில் கரகரப்பு வருது, கிட்டார் வால்யூமை 7க்கு இறக்கினால் திரும்பக் கிளீன் ஆகிடுது. இதுதான் காசு கொடுத்து வாங்கின விஷயம். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) உள்ள கிட்டார் போட்டால் 4லேயே உடையத் தொடங்குது. பாஸ் கண்ட்ரோலை 4க்கு மேல் வைத்தால் அடிநாதம் தளர்ந்து குழையுது. 2லிருந்து 3 போதும்.

சிக்கல் மூணு. ஒண்ணு, வைப்ரேட்டோ சேனல் குறைந்த வால்யூமில் காதைக் குத்துது. டிரெபிள் 3ல் வைத்தும் மேல் தந்திகள் ஊசி. இரண்டு, டிரமோலோ வேலையே செய்யல. மூணு, ராத்திரியில் டியூப் கொஞ்சம் அதிகமாகச் சூடாவது போல் இருக்கு, சத்தமும் பகலைவிட விறைப்பு. ஸ்பீக்கர் புதுசு என்பதால் இப்படியா?

மார்த்தாண்டம் சால்டர்

ஸ்பீக்கரைப் பிறகு பார்ப்போம் மக்கா. முதல்ல மூணு அளவு வேணும்: ராத்திரி பிளக் பாயின்ட்டில் எத்தனை வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் எந்த டேப்பில் இருக்கு, அந்த 1 ஓம் ரெசிஸ்டன்ஸில் எத்தனை மில்லிவோல்ட். இது தெரியாம டோன் பேசுறது வீண்.

டிரமோலோவுக்கு இப்பமே பதில் சொல்லுதேன். இந்த சர்க்யூட்டில் ஃபுட்ஸ்விட்ச் செருகலேன்னா ரிவெர்ப் வேலை செய்யும், டிரமோலோ வேலை செய்யாது. டிரமோலோ அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஓடணும்னா ஃபுட்ஸ்விட்ச் செருகும் ஆர்சிஏ ஜாக்கின் நடு முனை கிரவுண்டாகணும். ஃபுட்ஸ்விட்சைச் செருகி மிதிச்சுப் பாருங்க. ஃபுட்ஸ்விட்ச் கையில் இல்லேன்னா ஒரு ஆர்சிஏ பிளக்கில் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் பண்ணிச் செருகினால் போதும். ஸ்பீடு, இன்டென்சிட்டி இரண்டையும் பாதிக்கு மேல் வையுங்க. புது ஆம்ப் பழுதுன்னு கடைக்குத் திருப்பி அனுப்புற சாமான்களில் பலது இதுதான்.

காதைக் குத்துறதுக்குக் காரணம் வைப்ரேட்டோ சேனலின் வால்யூம் கண்ட்ரோலின் குறுக்கே இருக்கும் 47 பைக்கோஃபாரட் பிரைட் கண்டென்சர். பாட் 1 மெகா ஓம். வால்யூம் குறைவா இருக்கும்போது கண்டென்சர் வழியா உயர் அதிர்வு மட்டும் குறுக்கே தப்பிப் போகும், மற்றதெல்லாம் அந்தக் கண்ட்ரோலில் குறையும். வால்யூம் ஏற ஏற இந்த வித்தியாசம் மறையும். அதனால 2ல் குத்துற சேனல் 6ல் குத்தாது. நார்மல் சேனலில் அந்தக் கண்டென்சர் கிடையாது, இரண்டையும் மாத்தி மாத்தி ஒரே வால்யூமில் கேட்டால் விளங்கும். ஒரு காலைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனா உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நிக்கும், அதைப் பற்றிப் பிறகு எழுதுதேன்.

தக்கலை ஆர்கன்

ஆம்ப் எங்கே வைத்து வாசித்தீர்கள் டெலி? தரையில் வைத்து நீங்கள் அதற்கு முன்னால் இரண்டடியில் நின்றால் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்குத்தான் பாடும். 12 இஞ்ச் கோன் நேர் முன்னால் உயர் அதிர்வைக் கற்றையாக அனுப்பும். பக்கவாட்டில் நிற்பவருக்கு அது கேட்காது. நீங்கள் பக்கத்தில் நின்று டிரெபிளைக் கூட்டுவீர்கள், எதிர் வரிசையில் உட்கார்ந்தவர் காதைப் பொத்துவார். ஆம்பை 20, 25 டிகிரி பின்னால் சாய்த்து, உங்கள் காது நேர்கோட்டில் வருமாறு வைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு டிரெபிள் பேசுங்கள்.

இன்னொன்று. நம் ஊர் ஹால் எல்லாம் டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், மேலே சீலிங் ஃபேன். டிரமோலோ ஆஃபில் இருந்தும் ஒலி அலைகிறது என்று ஒருவர் புகார் சொன்னால் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். சுழலும் இறக்கையில் ஒலி பட்டுத் திரும்புவதே அந்த அலை.

கடைசியாக ஒரு கேள்வி, கோபப்படாதீர்கள். ஆராதனையில் டிரம்ஸ் கூண்டுக்குள், எல்லாம் இன்-இயரில் (காதுக்குள் மாட்டும் ஸ்பீக்கர்), கிட்டார் நேராக மிக்சருக்கு. இந்தக் காலத்தில் 19 கிலோ சுமந்து போய் மைக் வைப்பதற்கு ஒரு மாடலர் பெடல் (ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலாகப் போலச் செய்வது) போதாதா? விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

கோட்டாறு டெலி

சால்டர் அண்ணே, ஃபுட்ஸ்விட்ச் செருகினதும் டிரமோலோ வந்துட்டு. நன்றி.

அளவுகள்: பகல் மூணு மணிக்கு 231, ராத்திரி பதினொன்றுக்கு 246. டேப் 230ல் இருக்கு. 246ல் அளந்தபோது ஹீட்டர் (டியூப்பைச் சூடாக்கும் இழை) 6.74 வோல்ட், பிளேட் (டியூப்பின் உயர் வோல்டேஜ் முனை) 444 வோல்ட், 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றில் 29, மற்றதில் 28 மில்லிவோல்ட். 6வி6 வந்திருப்பது பிளேட்டில் 14 வாட் சூடு தாங்கும் வகை.

ஆர்கன் சார், சாய்த்து வைத்துக் கேட்டேன், நீங்கள் சொன்னது சரி. குத்தல் பாதி குறைந்தது. மீதி அந்த 47 பைக்கோதான். மாடலர் விஷயம், கிட்டார் வால்யூம் பாட்டாலேயே கிளீனுக்கும் கரகரப்புக்கும் போய்வருபவருக்கு இது வேறு கருவி. இன்-இயரில் கேட்டு வாசிப்பவருக்கு நீங்கள் சொல்வதில் தப்பில்லை.

மார்த்தாண்டம் சால்டர்

இப்பம் படம் தெளிவு. கணக்கு இப்படி: 1 ஓமில் 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லியாம்ப். 29ல் சுமார் 2 ஸ்க்ரீன் (டியூப்பின் இன்னொரு முனை) கரண்டு, கழிச்சால் 27. 27 மில்லியாம்ப் பெருக்கல் 444 வோல்ட், கிட்டத்தட்ட 12 வாட். 14 வாட் டியூப்புக்கு இது 86 சதவீதம். இந்த மாதிரி ஃபிக்சட் பயாஸ் கிளாஸ் ஏபி ஆம்புக்கு 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு வைக்குதோம். நீங்க கேட்ட சூடு மனப்பிராந்தி இல்லை.

ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 5.7லிருந்து 6.9 வரை. 6.74 எல்லைக்குள்தான், ஆனா ஓரத்தில் நிக்குது. பிளக்கில் 255 வோல்ட் ஆச்சுன்னா 7ஐத் தொடும்.

செய்ய வேண்டியது டேப்பை 240க்கு மாத்துறது. மாத்தினா 246ல் ஹீட்டர் 6.46, பிளேட் 425 பக்கம் வரும். பகலில் 231ல் ஹீட்டர் 6.06, அதுவும் சரிதான். டேப்பை மாத்தின பிறகுதான் பயாஸ், முன்னாடி இல்லை. வரிசை மாறினா இரண்டு தடவை வேலை.

வேலையைச் சொல்லுதேன், சுருக்கமாச் சொன்னா ஆபத்து.

ஆம்ப் ஓடிக்கிட்டிருக்கும்போது ஸ்டேண்ட்பை ஸ்விட்சை (ஹீட்டர் எரிய, உயர் வோல்டேஜை மட்டும் நிறுத்துவது) வாசிக்கும் நிலையிலேயே விட்டுட்டு மெயின் ஸ்விட்சை மட்டும் அணைக்கணும். டியூப் சூடு இறங்கும் வரைக்கும் அதுவே கண்டென்சரில் இருக்கும் கரண்டைக் கொஞ்சம் இழுத்துக் குறைக்கும். ஸ்டேண்ட்பையில் போட்டு அணைச்சா அப்படியே 400 சொச்சம் உள்ளே தங்கலாம். பிறகு பிளக்கை உருவணும். ஸ்விட்ச் ஆஃப்ன்னு நம்பக்கூடாது, சில வீட்டில் ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கும்.

சேசியை வெளியே எடுத்து, 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டன்ஸை இன்சுலேட் பண்ணின கிளிப்பில் மாட்டி ஒரு முனையைச் சேசியிலும் மறுமுனையை முதல் ஃபில்ட்டர் கண்டென்சரின் (டிசியைச் சீராக்குவது) பிளஸ்ஸிலும் பத்து விநாடி பிடிக்கணும். ஒவ்வொரு கண்டென்சருக்கும் அப்படியே. அப்புறம் மீட்டரில் பார்க்கணும், 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தாத்தான் கையை உள்ளே விடணும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைச்சு வெடிக்கவிடுற பழக்கம் வேண்டாம். கண்டென்சரும் கெடும், கண்ணும் போகும். இந்த மாடலில் ஃபில்ட்டர் கண்டென்சர்கள் சேசிக்கு மேலே ஒரு தனித் தகரமூடிக்குள் இருக்கும், உள்ளே தேடினா கிடைக்காது.

டேப் மாத்தும்போது பயன்படாத டேப் வயர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஹீட் ஷ்ரிங்க் போடணும். இரண்டையும் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டா டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பகுதி ஷார்ட்.

பயாஸ் வைக்கும்போது ஸ்பீக்கர் கட்டாயம் இணைப்பில் இருக்கணும், எல்லா வால்யூமும் பூஜ்யம், கிட்டார் செருகக்கூடாது. பத்து நிமிஷம் சூடாக விட்டு, மீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வைச்சு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு பயாஸ் பாட்டைப் பைய திருப்பணும். திருப்பினா பிளேட் வோல்டேஜும் நகரும், அதனால இரண்டையும் மறுபடி அளக்கணும். உங்க ஆம்புக்கு 24 மில்லிவோல்ட்டில் நிறுத்துங்க: 22 பெருக்கல் 425, 9.35 வாட், 67 சதவீதம். இரண்டு டியூப்புக்கும் 3, 4 மில்லியாம்புக்குள்ள வித்தியாசம் இருந்தா கவலை வேண்டாம்.

12 வாட் வகை 6வி6 போட்டா இதே கணக்கை 8.4 வாட்டுக்குப் போடணும். பழைய டேட்டா ஷீட்டில் 6வி6ஜிடிக்குப் பிளேட் எல்லையே 350 வோல்ட்தான். இந்த சர்க்யூட் 415ல் ஓட்டுது, அதனால கண்ட பழைய டியூப்பையும் இதில் போடக்கூடாது. 500 வோல்ட் தாங்கும்னு எழுதியிருக்கிற இக்கால வகைதான் நல்லது.

குளச்சல் பாஸ்

டெலி இருப்பது கோட்டாறு, கடலில் இருந்து கொஞ்சம் உள்ளே. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு: கரண்டைவிட உப்புக்காற்று பெரிய எதிரி.

முதலில் கெடுவது டியூப் இல்லை, தொடும் இடங்கள். டியூப் சாக்கெட் கிளிப், இன்புட் ஜாக், ஃபுட்ஸ்விட்ச் ஜாக், ஸ்பீக்கர் ஜாக். இன்புட் ஜாக்கில் ஒண்ணும் செருகாதபோது உள்ளீட்டைக் கிரவுண்ட் செய்யும் ஒரு ஸ்விட்ச் தகடு உண்டு. அது களிம்பு பிடித்தால் ஆம்ப் சும்மா இருக்கும்போதே இரையும். எஃபெக்ட்ஸ் லூப் (நடுவில் பெடல் செருகும் சென்ட், ரிட்டர்ன் ஜாக்) உள்ள ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. சத்தம் திடீரென்று குறைந்தால் ஒரு பேட்ச் கேபிளை சென்ட், ரிட்டர்னுக்கு நடுவில் போடுங்கள். சத்தம் திரும்பினால் ரிட்டர்ன் ஜாக்கின் ஸ்விட்ச் தகடுதான் குற்றவாளி.

கிளீனர்: மெட்டல் தொடுமுனைக்கு கான்டாக்ட் கிளீனர், பாட்டுக்கு எண்ணெய்ப்பசை விடும் பாட் கிளீனர். கீல், சங்கிலிக்கு அடிக்கும் துருநீக்கி ஸ்ப்ரே வேண்டாம். டியூப் சாக்கெட்டில் கிளீனரை நேரே அடிக்காதீர்கள். டியூப் காலில் தொட்டு, இரண்டு தடவை ஏற்றி இறக்கினால் போதும். ஈரம் முழுக்க உலர்ந்த பிறகே கரண்டு, அங்கே பக்கத்துப் பக்கத்துக் காலில் 400 வோல்ட் நிற்கும்.

பிளாஸ்டிக் கவரில் மூடி வைக்காதீர்கள். ராத்திரி ஈரம் உள்ளேயே தங்கும். துணிக் கவர், சுவரில் இருந்து ஒரு ஜாண் தள்ளி, தரையில் இருந்து பலகை மேலே. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஆம்பை ஓடவிடுவதே சிலிக்கா ஜெல்லைவிட நல்ல மருந்து, டியூப் சூட்டில் சேசி காய்ந்துவிடும். நமக்கு ஜூன் மழையும் உண்டு, அக்டோபரில் இருந்து இன்னொரு மழையும் உண்டு. அதிகம் வாசிக்கும் கிறிஸ்மஸ் காலமோ இரண்டாவது மழையின் வாலில் வருகிறது.

கறுப்பு ஃபைபர் போர்டு உள்ள ஆம்ப் என்றால் மீட்டரின் ஒரு முனையைச் சேசியில் வைத்து, மறுமுனையைப் போர்டின் வெறும் பரப்பில் வைத்துப் பார்க்கலாம். சில வோல்ட் டிசி காட்டினால் போர்டே ஈரம் குடித்து கரண்டைக் கடத்துகிறது. பாட் திருப்பும்போது கரகரப்பதற்கும் காரணம் தெரியாத பொரிச்சல் சத்தத்துக்கும் அது காரணமாகலாம். ஹேர் டிரையரால் மெல்லிய சூட்டில் காய வைத்துத் திரும்ப அளங்கள்.

கருங்கல் ஸ்ட்ராட்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். மாமா அமெரிக்காவில் இருந்து இதே வகை ஆம்ப் கொண்டு வருகிறார். 120 வோல்ட் மட்டும். கடையில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 100 வாட்டில் கிடைக்குது, போதுமா? இன்னொண்ணு, சின்ன அறையில் வாசிக்கத்தான். 22 வாட் தானே, சத்தம் குறைவாத்தானே இருக்கும்?

மார்த்தாண்டம் சால்டர்

100 வாட் போதாது தம்பி. ஆம்ப் இழுக்கிறதே 100, 120 வாட் வரும், தொடக்கத்தில் அதுக்கும் மேலே. 300 விஏ வாங்கு. அதைவிட முக்கியம் எர்த்து. சந்தையில் கிடைக்கிற பல ஸ்டெப் டவுனில் வெளியே இரண்டு துளைதான் இருக்கும், ஆம்பின் மூணாவது கால் தொங்கும். அப்பம் சேசிக்கு எர்த்து இல்லை. உள்ளே ஏதாவது ஒண்ணு சேசியில் தொட்டா கிட்டார் தந்தியில் கரண்டு. மூணு துளை உள்ளதை வாங்கி, மீட்டரில் சுவர் பிளக்கின் எர்த்துக் காலுக்கும் ஆம்ப் சேசிக்கும் 1 ஓமுக்குக் கீழே காட்டுதான்னு பார்த்துட்டுத்தான் கிட்டார் செருகணும். இந்த ஸ்டெப் டவுனும் சுவரில் 250 வந்தா 130 தரும், அதை மறக்காதே.

அமெரிக்க ஆம்பில் 60 ஹெர்ட்சுக்கு மட்டும் சுற்றின டிரான்ஸ்ஃபார்மர் இருந்தா நம்ம 50 ஹெர்ட்சில் இரும்பு கூடுதலாச் சூடாகும். பின்பலகையில் 50/60ன்னு எழுதியிருந்தா பயமில்லை. 60 மட்டும்னு இருந்தா, ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார். கையை வைக்க முடியாத சூடுன்னா பவர் டிரான்ஸ்ஃபார்மரையே மாத்துறது நல்லது.

ஃப்யூஸ் எப்பவும் பின்பலகையில் அச்சிட்ட மதிப்பு, ஸ்லோ புளோ வகை. ஃப்யூஸ் போச்சுன்னு வயரை முறுக்கிப் போடுற கைவேலை டியூப் ஆம்பில் வேண்டாம். இங்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் விலை உன் ஃப்யூஸ் விலையில் ஆயிரம் மடங்கு.

தக்கலை ஆர்கன்

சத்தம் பற்றி நான் சொல்கிறேன் தம்பி. ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 98 டெசிபல் என்று வை. 20 வாட் என்றால் அதோடு 13 கூட்டு: 111. இது சின்ன அறைக்கான ஆம்ப் இல்லை, டிரம்ஸோடு மல்லுக்கு நிற்கும் ஆம்ப். 44 வாட்டுக்கும் 22 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். வாட்டைப் பாதியாக்கினால் சத்தம் பாதியாகும் என்பதே தப்புக் கணக்கு.

அட்டென்யுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தம் குறைக்கும் பெட்டி) வாங்கினால் 8 ஓம், குறைந்தது 50 வாட் தாங்குவது, முடிந்தால் ரியாக்டிவ் லோடு (நிஜ ஸ்பீக்கர் போல நடப்பது). அட்டென்யுவேட்டர் சத்தத்தைக் குறைக்கும், டியூப் தேய்மானத்தைக் குறைக்காது. ஆம்ப் உள்ளே முழு வேகத்தில்தான் ஓடும்.

மார்த்தாண்டம் சால்டர்

ஸ்பீக்கர் இல்லாம டியூப் ஆம்பை ஓட்டக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த மாடலில் அதோடு சேர்ந்த ஒரு பொறி உண்டு. பின்னால இரண்டு ஸ்பீக்கர் ஜாக். மெயின் ஜாக்கில் பிளக் இல்லேன்னா அது அவுட்புட்டை ஷார்ட் பண்ணிடும், டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாத்துறதுக்காக. உள் ஸ்பீக்கரைக் கழற்றிட்டு வெளி கேபினெட்டை எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் செருகினா சத்தமே வராது. வெளி கேபினெட் மட்டும் போதும்னா அதை மெயினில் செருகணும். இரண்டும் சேர்ந்தா 8ம் 8ம் இணையா 4 ஓம். கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், நிரந்தரமா வேண்டாம். கேபிள் ஸ்பீக்கர் கேபிளாத்தான் இருக்கணும், கிட்டார் கேபிளின் நடு வயர் தலைமுடி மாதிரி.

கோட்டாறு டெலி

ஸ்டேண்ட்பை பற்றிக் கருத்து? போட்டதும் அரை நிமிஷம் ஸ்டேண்ட்பையில் சூடாக்கிவிட்டுத்தான் வாசிக்கணும் என்று எல்லா மேனுவலும் சொல்லுது.

மார்த்தாண்டம் சால்டர்

மேனுவல் சொல்லும். ஜிசெட்34 தானே மெதுவா சூடாகி வோல்டேஜை மெதுவா ஏத்துற டியூப். அது இருக்கிற ஆம்புக்கு ஸ்டேண்ட்பை தேவையே இல்லை. மாறா, உங்க ஆம்பில் ஸ்டேண்ட்பை ஸ்விட்ச் ரெக்டிஃபையருக்கும் முதல் கண்டென்சருக்கும் நடுவில் இருந்தா, சூடான ரெக்டிஃபையர் மீது காலிக் கண்டென்சரைப் படார்னு போடுறீங்க. இப்பம் வர்ற ஜிசெட்34 சிலது அதைத் தாங்காம உள்ளே பொறி பறக்கும். இரண்டு ஸ்விட்சையும் ஒண்ணாப் போடுங்க. இடைவேளையில் கால் மணி நேரத்துக்கு மேல் நிக்கணும்னா முழுசா அணைச்சிடுங்க. ஹீட்டர் எரிஞ்சு கரண்டு ஓடாம மணிக்கணக்கில் நிக்கிறது கேத்தோடுக்கு நல்லதில்லை.

குளச்சல் பாஸ்

இதில் முழுக்க ஒத்துப்போக முடியாது அண்ணே. டியூப்புக்குப் பதில் டயோட் ரெக்டிஃபையர் உள்ள ஆம்பில் சுவிட்ச் போட்ட கணமே முழு வோல்டேஜுக்கு மேல் ஏறும், டியூப் இன்னும் கரண்டு இழுக்காததால். ஃபில்ட்டர் கண்டென்சர் எல்லை நெருக்கமாக இருந்தால் அங்கே ஸ்டேண்ட்பைக்கு ஒரு வேலை உண்டு.

மார்த்தாண்டம் சால்டர்

கண்டென்சர் எல்லை நெருக்கமா இருக்கிற ஆம்பில் ஸ்டேண்ட்பையும் காப்பாத்தாது. அந்த ஸ்விட்சுக்கு முன்னால இருக்கிற முதல் கண்டென்சர் அப்பமும் அதே வோல்டேஜைத்தான் தாங்கணும். ஆனா டயோட் ஆம்ப் வேற கதை, அது சரி.

ரெக்டிஃபையருக்கு ஒரு காப்பு: ஜிசெட்34ன் ஒவ்வொரு பிளேட்டுக்கும் தொடரா இரண்டு 1என்4007 டயோட் போட்டா, டியூப் ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் தப்பும், சத்தத்தில் வித்தியாசம் கேட்காது. முதல் கண்டென்சரைப் பெருசாக்கி விறைப்பு கூட்டலாம்னு யாராவது சொன்னா, ஜிசெட்34க்கு எல்லை 60 மைக்ரோஃபாரட். இந்த சர்க்யூட்டில் 16ம் 16ம் சேர்ந்து 32. அதை விட்டுருங்க.

தக்கலை ஆர்கன்

திருவிழாவில் வாசிப்பவர்களுக்கு. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை, பின்னாலேயே கிறிஸ்மஸ். மேடைக்கு மூணு ஃபேஸ் லைன், சீரியல் பல்ப், மைக் செட் எல்லாம் ஒரே நியூட்ரலில். அந்த நியூட்ரல் முனை தளர்ந்தால் ஒரு ஃபேஸில் 300 வோல்ட், இன்னொன்றில் 120. லோடு குறைந்த ஃபேஸில்தான் ஏறும். அது பெரும்பாலும் இசைக்குழுவின் பிளக். ஆம்பைச் செருகும் முன் மூணு அளவு: ஃபேஸ் நியூட்ரல் 220லிருந்து 245 வரை, ஃபேஸ் எர்த்து அதே அளவு, நியூட்ரல் எர்த்து 3 வோல்ட்டுக்குள். சீரியல் பல்ப் முழுக்க எரியும்போது அளக்க வேண்டும், காலையில் காலி மேடையில் அளந்து பயனில்லை. ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று பிளக்கில் மாட்டுங்கள்.

ஸ்டெபிலைசர் என்றால் சர்வோ, 500 விஏ போதும். ரிலே வகை படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலும் ஸ்பீக்கரில் டக் என்று கேட்கும். வீட்டு இன்வெர்ட்டரில் வாசிக்காதீர்கள், குறிப்பாக ஸ்கொயர் வேவ் வகையில். ஹீட்டர் சரியாக எரியும், ஆனால் அலையின் உச்சம் குறைவு என்பதால் ரெக்டிஃபையர் தரும் டிசி வெகுவாக இறங்கும். ஆம்ப் களைத்துப்போய் இரையும்.

கீபோர்டோடு சேர்த்தால் உறுமல் வருகிறது என்று எர்த்துக் காலைப் பிடுங்கும் வழக்கம் நம் பக்கம் பரவலாக உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சருக்கு இணைக்கும் பெட்டி) போடுங்கள்.

கருங்கல் ஸ்ட்ராட்

உறுமல் ஆம்பிலேயே இருந்தா எங்கே தேடுவது?

மார்த்தாண்டம் சால்டர்

முதல்ல காதால பிரி. தாழ்ந்த மென்மையான ஹம்னா 50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர் வயர், கிரவுண்டு, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர். கொஞ்சம் கரகரப்பா மேலே இருந்தா 100 ஹெர்ட்ஸ்: ஃபில்ட்டர் கண்டென்சர், இல்லேன்னா ஜோடி சேராத 6வி6. அடுத்து எல்லா வால்யூமும் பூஜ்யத்தில் வை. அப்பமும் உறுமினா பின்பகுதி. ரிவெர்ப் கண்ட்ரோலைத் திருப்பும்போது மட்டும் கூடினா ரிவெர்ப் டேங்க் (ஸ்பிரிங் பெட்டி) திரும்பி உட்கார்ந்திருக்கு. அவுட்புட் முனை பவர் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுத் தள்ளி இருக்கணும். ரிவெர்ப் ரொம்ப மெலிஞ்சு கேட்டா இரண்டு ஆர்சிஏ கேபிளும் மாறியிருக்கும். மீட்டரில் பார்த்தா இன்புட் பக்கம் 1 ஓம் பக்கம், அவுட்புட் பக்கம் 200 ஓம் பக்கம் காட்டும்; பூஜ்யமோ எல்லையில்லாமலோ காட்டினா கேபிள் அல்லது காயில்.

டியூப்பை பென்சில் மரப்பக்கத்தால மெல்லத் தட்டு. மணி அடிச்ச மாதிரி ஒலிச்சா மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வைச் சத்தமாக்கும் டியூப். நார்மல் சேனலுக்கு முதல் டியூப், வைப்ரேட்டோவுக்கு இரண்டாவது. எல்லா டியூப்பும் கொஞ்சம் டிக் டிக்குன்னு கேக்கத்தான் செய்யும், அதுக்குப் பயந்து மாத்தாதே. கையில் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 12ஏடி7, ஜோடியா 6வி6, ஒரு ஜிசெட்34, இரண்டு ஃப்யூஸ் இருந்தா சீசன் ஓடிரும். ஸ்பேரும் தீர்ந்தா கடைசித் துணை டிரமோலோ டியூப், வரிசையில் ஐந்தாவது. அவசரத்துக்கு அதைப் பிடுங்கி முதலிடத்தில் போட்டு வாசிக்கலாம், டிரமோலோ மட்டும் போகும்.

குளச்சல் பாஸ்

இரண்டு சேனலையும் ஜம்பர் (இன்புட்டுகளைச் சேர்க்கும் குட்டிக் கேபிள்) போட்டு வாசிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு: இதில் முடியாது. வைப்ரேட்டோ பக்கம் ஒரு கெயின் ஸ்டேஜ் அதிகம் என்பதால் இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் வரும், சேர்த்தால் அடிநாதம் காணாமல் போகும்.

கோட்டாறு டெலி

240 டேப்புக்கு மாத்தியாச்சு. ராத்திரி 245ல் ஹீட்டர் 6.43, பிளேட் 423, பயாஸ் 24ம் 23.5ம். 47 பைக்கோவின் ஒரு காலைத் தூக்கி, நுனிக்கு ஸ்லீவ் போட்டு அங்கேயே விட்டிருக்கேன், விற்கும்போது திரும்ப ஒட்டலாம். வைப்ரேட்டோ சேனல் 3ல் இப்போ வாசிக்கலாம். டிரெபிள் 5, பாஸ் 3, ரிவெர்ப் 2. ஹாலில் அதுக்கு மேல் ரிவெர்ப் தேவையே இல்லை, சுவரே தந்துடுது. ஓவர்டிரைவ் பெடலை முன்னால் போட்டால் முன்பு இருந்த சலசலப்பு இல்லை. விறைப்பு போய் பிக்குக்கு ஆம்ப் கொஞ்சம் வளைந்து கொடுக்குது.

மிட் (நடு அதிர்வு) கண்ட்ரோல் இல்லாததுதான் இப்போ குறை. டிரம்ஸோடு சேர்ந்தால் கிட்டார் நடுவில் மறையுது.

மார்த்தாண்டம் சால்டர்

டோன் சர்க்யூட்டில் மிட் இடத்தில் 6.8 கிலோ ஓம் நிரந்தரமா உட்கார்ந்திருக்கு. அதை எடுத்துட்டு 25 கிலோ பாட் போட்டா பூஜ்யத்தில் இருந்து முழு மிட் வரை கிடைக்கும், கால்வாசித் திருப்பில் பழைய சத்தம் அப்படியே. லீனியர் பாட் போடுங்க, அப்பம்தான் அந்தக் கால்வாசிக் கணக்கு ஒத்துவரும். பாட்டுக்கு முன்பலகையில் துளை போட வேண்டாம், பின்னால எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் ஜாக்கைக் கழற்றிட்டு அந்தத் துளையில் மாட்டலாம். வயர் நீளும், அதனால ஷீல்டு வயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு. மறுபடி சொல்லுதேன், திறக்கும் முன்னால கண்டென்சரை இறக்கி மீட்டரில் பாருங்க.